வெர்லீனுக்கு வந்த பதவி உயர்வு

வெர்லீன் ஸ்ட்ரவுட் எதையும் லேசில் நம்பமாட்டாள். பல் டாக்டர் சொத்தை ஒன்றும் இல்லை என்றால், 'ஏன் இல்லை?' என்று கேட்பாள். டி.வி.யில் நாளைக்கு வெயில் என்று சொன்னால் குடையை எடுத்து வாசலில் வைப்பாள். அன்று காலை வண்டியில் வந்து இறங்கிய பாலையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகே காபிக்கு எடுப்பாள். இதை அவளுடைய குறை என்று சொல்கிறவர்கள் அவளைப் போலப் பிழைத்துப் பார்த்ததில்லை.

இருபது வயதில் அவள் முதன்முதலாகத் தட்டுத் தூக்கிய உணவகம் ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டிக் கிடந்தது. உள்ளே நாற்காலிகள்கூட இல்லை. கடைசி வாரச் சம்பளம் அந்த நாற்காலிகளோடு எங்கோ போய்விட்டது. பிறகு ராட்னி என்று ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். படகுக்கு மோட்டார் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவன், கென்டக்கியில் வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகப் பிற்பாடு தெரியவந்தது. படகே இல்லாதவனுக்கு மோட்டார் எதற்கு என்று கிளம்பும்போதே கேட்காமல் விட்டோமே என்ற எரிச்சல் அவளுக்கு இன்னும் போகவில்லை. விவாகரத்தில் வீட்டின் பாதியை அவனிடமிருந்து விலைகொடுத்து வாங்கினாள். அதற்கான பேங்க் கடன் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடனை இரண்டு பொருள்கள் தாங்கின. ஒன்று, அவள் பரிமாறும் சாலையோர உணவகமான கேலனின் டைனரில் கல்லாவுக்குக் கீழே இருந்த பெரிய ஊறுகாய் ஜாடி. பரிமாறுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குக் கிடைத்த டிப்ஸை அதில் போட்டு, கடை ஓய்ந்ததும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மற்றது, வேலைநேரத்தைப் பதிகிற அவளுடைய டைம் கார்டு. வரும்போது ஓர் அடி, போகும்போது ஓர் அடி. அந்தக் கார்டு அவளிடம் ஒருநாளும் இனிக்க இனிக்கப் பேசியதில்லை. அதனாலேயே அதன்மேல் அவளுக்கு மரியாதை.

கேலன் ஹப், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து தெரியும் என்பதால் முதலாளி என்று அவனை அவள் ஒருபோதும் கும்பிட்டதில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் வாஷிங்டனிலிருந்து ஏதாவது ஒரு சட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அதில் தனக்கு ஒரு காசு மிச்சமாகுமா என்று பார்க்கிற கண் அவனுக்கு இருந்தது. கண் அவனுடையது, கண்ணாடி லுட்ஸுடையது. ஆரின் லுட்ஸ் அவனுடைய கணக்கர். வியாழன்தோறும் வந்து பன்றிக்கறி சாண்ட்விச்சும் 'சர்க்கரை க்ரீம் பை' என்கிற இனிப்பும் தின்பார். தின்றதற்குக் கணக்கு எழுதச் சொல்லிவிட்டு, மேசையில் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போவார். அவருடைய டிப்ஸைப் பார்த்து மேவிஸ் ஒருமுறை, "யாரோ பாக்கெட்டு ஓட்டை போட்டுக்கிட்டு வந்திருக்காங்க, கொட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

மேவிஸ் இன்னொரு பரிமாறுகிறவள். வெர்லீனுக்கு டைனரில் இருந்த ஒரே சிநேகிதி. நம்பிக்கை என்று சொல்ல முடியாது. மேவிஸ் முதுகுக்குப் பின்னால் நின்றால் திரும்பிப் பார்க்காத அளவுக்குப் பழக்கம். வெர்லீனிடம் அவ்வளவு கிடைப்பதே பெரிது.

அந்த வருஷம் ஆகஸ்டில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் தட்டியது. டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு முதலாளி மணிக்கு இரண்டு டாலர் சொச்சம் கொடுத்தால் போதும், மீதியை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார். அது பழைய சட்டம். ஆனால் டிப்ஸ் வராத சில்லறை வேலைகளை ஓர் அளவுக்கு மேல் வாங்கினால் அந்த நேரத்துக்கு முழுக்கூலி தரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை ஆகஸ்டில் ஏதோ ஒரு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. வெர்லீனுக்கு அது தெரியாது. கூட்டம் ஓய்ந்த பிறகு கத்தியும் முள்கரண்டியும் நாப்கினில் சுருட்டுகிற வேலை திடீரென்று நீண்டுகொண்டே போவது மட்டும் தெரிந்தது. சர்க்கரை டப்பா நிரப்பு, ஜன்னல் துடை, கெட்சப் பாட்டில்களுக்குக் கல்யாணம் பண்ணு. பாதி காலியான இரண்டு பாட்டில்களை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து ஒன்றாக்குவதற்கு டைனர்களில் அப்படித்தான் பெயர்.

"போன மாசம்வரைக்கும் இதையெல்லாம் அரைமணில முடிச்சுட்டுப் போன்னு விரட்டுவான்" என்றாள் வெர்லீன், ஒரு பாட்டிலின் தலையில் இன்னொன்றைக் கவிழ்த்தபடி. "இப்போ எதுக்கு வாய் திறக்கமாட்டேங்கிறான்?"

"அவனுக்கு வயசாவுது. மறந்திருப்பான்."

"கேலன் காசை மறந்து நீ பாத்திருக்கியா?"

"நீ உன் கல்யாணத்தைப் பாருடி" என்றாள் மேவிஸ், பாட்டிலைக் காட்டி.

"இதாவது ஒட்டிக்கிட்டு நிக்குது."

அதற்கு முந்தின ஜூலையில் டெல்மர் போயிருந்தான். டெல்மர் அங்கே மேனேஜர். மணிக்கணக்கு கிடையாது, வாரத்துக்கு இவ்வளவு என்று மொத்தச் சம்பளம். எத்தனை மணிநேரம் உழைத்தாலும் அதேதான். அப்படி ஓவர்டைம் இல்லாமல் ஒருவனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவனுக்கு இன்ன தொகைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் வைத்திருந்த வரம்பை ஜூலையில் ஏற்றினார்கள், ஜனவரியில் இன்னும் ஏறும் என்றார்கள். கேலன் கூட்டிக் கொடுக்க மனமில்லாமல் டெல்மரோடு சண்டை போட, டெல்மர் சாவியை எறிந்துவிட்டுப் போனான். டெல்மரின் வேலை வெர்லீன் தலையில் விழுந்தது. விடியற்காலையில் கடை திறப்பது, சாமான் சொல்லி வாங்குவது, மாலையில் கல்லா கட்டுவது. அந்த மணிநேரங்களுக்கு நல்ல கூலியும் வாரத்தில் நாற்பது மணிநேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கும் வந்தது. ஜாடிப் பங்கும் வந்தது. அந்த இலையுதிர் காலத்தில்தான் பல வருஷத்துக்குப் பிறகு பேங்குக்கு முன்கூட்டியே ஒரு தவணை கட்டினாள். நல்லது நடந்தால் அதன் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது கேக்.

நவம்பர் நடுவில் டெக்சாஸில் ஒரு நீதிபதி, அந்த ஏற்றம் செல்லாது, வரம்பு பழைய இடத்துக்கே இறங்கட்டும் என்று தீர்ப்புச் சொன்ன அடுத்த வாரம், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கேக் ஒன்றோடு கேலன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான். வெள்ளைக் க்ரீமின்மேல் நீல எழுத்தில் அவள் பெயர். அவள் அங்கே வேலை பார்த்த பதினேழு வருஷத்தில் அவளுடைய பிறந்தநாளுக்குக்கூட அவன் ஒரு டோனட் வாங்கியதில்லை.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கேலன் கூப்பிட்டான். சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மேவிஸ் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் மெனு அட்டையோடு நின்ற டெரில்கூட அசைந்து வந்தான். டெரில், கேலனுடைய அக்கா மகன். முப்பது வயது. வருகிறவர்களை உட்கார வைப்பது அவன் வேலை. உட்கார வைக்கிற வேலைக்கு அவனே முன்மாதிரியாகப் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பான். ஆனால் ஜாடியைப் பிரிக்கும்போது அவனுக்கும் சரிபங்கு. கேட்க வாயில்லாமல் எல்லாரும் கொடுத்துவந்தார்கள்.

"இன்னிலேர்ந்து நம்ம மேனேஜர் வெர்லீன்" என்றான் கேலன். "வாராவாரம் மொத்தச் சம்பளம். இனிமே கார்டெல்லாம் அடிக்க வேணாம். ஆளை வேலைக்கு எடுக்கிறது, ஆளை அனுப்புறது, எல்லாம் அவ கையிலதான். நான் தலையிடவே மாட்டேன். ஆளை எடுக்கிறது, அனுப்புறது, எல்லாம் அவதான்."

இரண்டு தடவை சொன்னான். சொல்லும்போது அவன் பார்த்தது வெர்லீனையல்ல, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லுட்ஸை. பாடம் ஒப்பிக்கிற பையனைப் பார்க்கிற வாத்தியார்போல லுட்ஸ் தலையசைத்தார்.

"எதுக்கு?" என்றாள் வெர்லீன்.

"எதுக்குன்னா? இவ்வளவு வருஷமா உழைக்கிறியே, ஒரு மரியாதைக்குத்தான்."

"மரியாதைய கார்டு அடிச்சே வாங்கிக்கிறேனே."

எல்லாரும் சிரித்தார்கள். கேலனும் சிரித்தான், ஆனால் கார்டைத் தாங்கியிலிருந்து உருவி எடுத்துவிட்டான். வேண்டாம் என்றால் வேறு ஆள் வைக்கவேண்டியிருக்கும், அவளுக்கு மணிநேரமும் குறையும் என்று நைசாக ஒரு வார்த்தையும் சொன்னான். சாவிக்கொத்து அவள் கைக்கு வந்தது. கேக்கை அவள் தொடவில்லை. டெரில் இரண்டு துண்டு தின்றான்.

அன்று மாலை ஜாடியைக் கவிழ்த்தபோது பழக்கதோஷத்தில் அவளும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மேவிஸ் ஜாடியின் வாயைக் கையால் மூடினாள்.

"நீ மேனேஜர்டி. மேனேஜர் டிப்ஸ்ல பங்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம். சுவத்துல ஒட்டியிருக்கு, போய்ப் பாரு."

"இன்னிக்கு உன்னைவிட ரெண்டு மேசை கூடப் பாத்தேன்."

"நான் என்ன பண்ணட்டும்? கேலனைக் கேளு." மேவிஸுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை.

அதிலிருந்து வெர்லீனின் நாட்கள் நீண்டன. ஒரு பரிமாறுகிறவள் பிள்ளை பெறப் போனாள். அவளுக்குப் பதில் ஆள் வேண்டும் என்று மேனேஜர் இரண்டு தடவை சொன்னபோது, "பாக்கலாம்" என்றான் எதிலும் தலையிடாத கேலன். அந்த மேசைகளையும் வெர்லீனே பார்த்தாள். விடியுமுன் திறந்தாள், இருட்டிய பின் பூட்டினாள். முன்னைவிட அதிக மேசை, அதிக மணிநேரம். மேசையில் அவளுக்கென்று விட்டுப்போன டிப்ஸ் ஜாடிக்குப் போய் மற்றவர்களுக்குப் பங்கானது. ஜனவரியில் முன்தவணை கட்ட முடியவில்லை. பிப்ரவரியில் கட்டவேண்டிய தவணைக்கே திணறினாள். பேங்கிலிருந்து ஒரு பெண் போனில் மிக அன்பாகப் பேசினாள். அந்த அன்பு வெர்லீனின் தூக்கத்தைக் கெடுத்தது. வீடு போய்விடும் என்று முதன்முறையாகப் பயந்தாள்.

பயந்தால் அவள் சந்தேகப்படுவாள். முதலில் மேவிஸ்மேல். தன்னை மேலே ஏற்றிவிட்டால் ஜாடியில் ஒரு கை குறையும், இவள்தான் கேலனிடம் ஓதியிருப்பாளோ? இரண்டு நாள் மேவிஸோடு பேசவில்லை. பிறகு டெரில்மேல். மாமாவிடம் கேட்டுப் பங்கைப் பெருக்கிக்கொண்டானோ? அப்புறம் ஒன்றுமறியாத சமையல்காரர்மேல்கூடச் சந்தேகம் போய், அவர் ஊற்றிக்கொடுத்த சூப்பைக் குடிக்காமல் வைத்தாள். அவள் யோசித்ததெல்லாம் ஜாடியைச் சுற்றியே இருந்தது. கேலனுக்கு அதில் ஒரு காசும் வராது, அவன் ஏன் கேக் வாங்கவேண்டும் என்பது மட்டும் பொருந்தாமல் நின்றது.

அது ஒரு வியாழக்கிழமை பொருந்தியது. உயர்ந்த முதுகுவைத்த இருக்கை ஒன்றில் கேலனும் லுட்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். முதுகுக்கு அந்தப்பக்கம் வெர்லீன் குனிந்து சர்க்கரை டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். காபி ஊற்றுகிறவளுக்குக் காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

"அவ நாள்பூரா தட்டுதானே தூக்குறா?" என்றார் லுட்ஸ். "யாராவது வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? பேருக்கு மேனேஜர்னு போட்டா செல்லாது, கேலன். ஆளை எடுக்க, அனுப்ப நிஜமா அதிகாரம் இருக்கணும். அவ வார்த்தைக்கு மதிப்பு இருக்கணும். இல்லைன்னா இத்தனை வாரத்துக்கும் மணிக்கணக்குப் போட்டு ஓவர்டைம் எண்ணி வைக்கணும். நான் கூட்டிப் பாத்தேன், தலை சுத்துது."

"அதிகாரம் இருக்குன்னு எல்லார் முன்னாடியும்தான் சொல்லிட்டேனே. ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்னீங்க. அவ அதைப் பயன்படுத்திட்டா?"

"எங்க? அவளுக்கு நேரம் ஏது?" என்றான் கேலன், பெருமையாக.

வெர்லீன் டப்பாவின் மூடியை ஓசையில்லாமல் திருகினாள். கோபம் வந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. மேவிஸிடம் மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள், வாயால் கேட்கவில்லை.

அவள் கணக்கு எளிது. அவள் யாரையாவது வேலையைவிட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் கேலன் பொறுக்கக் கூடாது. 'நீ யாரு அனுப்ப?' என்று அவன் வாயால் எல்லார் முன்னாலும் கத்த வேண்டும். கத்தினால் மேனேஜர் பதவி அங்கேயே உடையும், கார்டு திரும்ப வரும், ஜாடி வரும். கேலன் யாருக்காகப் பொறுக்கமாட்டான்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தன் அக்காவுக்கு அவன் நடுங்குவான் என்பது ஊருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். சர்ச் முடிந்து மெதடிஸ்ட் சபையார் முதலில் சாப்பிட வந்துவிடுவார்கள். லுட்ஸும் மனைவியும் அந்தக் கூட்டத்தில் வருவார்கள், நல்ல சாட்சி. பாப்டிஸ்ட் சபையாருக்குப் பிரசங்கம் நீளம், அவர்கள் பஸ் வந்து நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் டெரில் வழக்கம்போல் ஜன்னலோர இருக்கையில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். கேலன் கல்லாவில் நின்றான்.

"டெரில்" என்றாள் வெர்லீன், கடைமுழுதும் கேட்கிற குரலில். "போனை வெச்சுட்டு ஏப்ரனைக் கழட்டு. நாளைலேர்ந்து நீ வரவேணாம்."

"என்ன?"

"உன்னை வேலையவிட்டு அனுப்பிட்டேன். மேனேஜர் நான்தான்."

டெரில் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு மாமாவைப் பார்த்தான். கேலனின் முகம் தக்காளியாகிவிட்டது. வாய் திறந்தது. வெர்லீன் காத்திருந்தாள். சொல்லு, கத்து, உன் கடை, உன் ரத்தம், நான் யாரு என்று கேளு.

கேலன் லுட்ஸைப் பார்த்தான். லுட்ஸ் முட்டையைக் குத்திய முள்கரண்டியோடு, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மெல்ல இடமும் வலமுமாகத் தலையாட்டினார்.

கேலன் வாயை மூடினான். "மேனேஜர் சொன்னா சொன்னதுதான்" என்றான். "டெரில், கோட்டை எடுத்துக்க."

"மாமா!"

"எடுத்துக்கடா."

டெரில் எழுந்தான். ஏப்ரன் முடிச்சு அவிழவில்லை, தலைவழியாக உருவினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இருக்கையிலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கதவுமணி அடித்தது.

மேவிஸ் கைதட்டினாள். "சபாஷ்டி! நாலு வருஷமா யாருக்கும் வராத தைரியம்."

வெர்லீன் அதைக் காதில் வாங்கவில்லை. உலகத்தில் எல்லாரையும் எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டிருக்கிறாள். கேலன் அக்கா பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பான் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. எதற்காகக் கொடுத்தான்? அவளுடைய மணிநேரங்களுக்காக. இத்தனை நாளும் தன் உழைப்பு ஏதோ சில்லறை என்று நினைத்திருந்தாள். ஒருவன் குடும்பத்தையே பகைத்துக்கொண்டு காப்பாற்றுகிற அளவுக்கு அது பெரிய பொருள் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த அதே நிமிஷம் அவள் முன்னைவிட நன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் நிஜமான மேனேஜர். ஆளை அனுப்பியவள். ஊரே சாட்சி.

வெளியே பாப்டிஸ்டுகளின் பஸ் வந்து நின்றது. தொப்பிகளும் கோட்டுகளும் பிள்ளைகளுமாக இறங்கினார்கள்.

"என்ன நிக்கிறே?" என்றான் கேலன். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஜன்னல் பக்கம் முழுக்க உன்னுது. டெரிலும் இல்ல, நீதான் உட்கார வைக்கணும். காபி எடு, ஓடு!"

வெர்லீன் இரண்டு எட்டு வைத்தாள். கை தானாகக் காபிக் கெண்டியைத் தேடியது. பிறகு நின்றாள். திரும்பி வந்து, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏறி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?"

"மேனேஜ் பண்றேன்."

"வெர்லீன், விளையாடாதே. ஜனம் நிக்குது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆள் பத்தல. நாளைக்கு விளம்பரம் குடுத்து ரெண்டு பேரை எடுக்கிறேன். எடுக்கிற அதிகாரம் எனக்குத்தானே? நீ தலையிடவே மாட்டேன்னு சொன்னியே."

"இப்போ தட்டை யாரு தூக்குறது?"

"அது தெரியாது. மேனேஜர் தட்டுத் தூக்கணும்னு நீ சொல்லலியே. என்ன லுட்ஸ் சார், மேனேஜர் நாள்பூரா தட்டுத் தூக்கினா அது மேனேஜரா?"

லுட்ஸ் தன் முட்டையை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

கூட்டம் உள்ளே நிரம்பியது. வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தது. மேவிஸ் கையில் அடுக்கிய தட்டுகளோடு ஓடினாள். "வெர்லீன், சத்தியமா உன்னைக் கொன்னுடுவேன்!" என்று போகிறபோக்கில் பல்லைக் கடித்துச் சொன்னாள். வெர்லீனுக்கு உட்காரவே முடியவில்லை. ஜன்னலோரத்தில் காலிக் கோப்பைகள் அவளைப் பார்த்தன. இடது மூலையில் யாரோ பில் கேட்டுக் கை தூக்கினார்கள். இத்தனை வருஷத்தில் தூக்கிய ஒரு கையையும் அவள் காக்க வைத்ததில்லை. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீடு, வீடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கேலன் தானே ஏப்ரன் கட்டிக்கொண்டு புறப்பட்டான். பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் ஏந்திப் போனவன், பாதிரியாரின் மனைவி நாற்காலியை நகர்த்துவதைப் பார்க்கவில்லை. கிரேவியில் பாதி அவன்மேலும் மீதி அந்த அம்மாளின் கைப்பைக்குள்ளும் போனது. "பரவாயில்ல தம்பி" என்று அவர் சொன்ன தொனியில் பரவாயில்லை என்பது இல்லவே இல்லை. வாசலில் நின்ற ஒரு குடும்பம் திரும்பி நடந்தது. இன்னொன்று அதன் பின்னால்.

கேலன் அவளுடைய ஸ்டூலுக்கு அருகே வந்து நின்றான். மூச்சு வாங்கியது. "உனக்கு என்னதான் வேணும்?"

"என் கார்டு."

"கேலன், அவசரப்படாதீங்க" என்று லுட்ஸ் எழுந்தார். "இப்போ கார்டைக் குடுத்தா, இத்தனை வாரமும் அவ மேனேஜர் இல்லைன்னு நீங்களே..."

"நீங்க உட்காருங்க! உங்க யோசனையக் கேட்டுத்தான் என் அக்கா மகனை..." கேலன் முடிக்கவில்லை. கல்லாவுக்கு அடியில் குனிந்து, கேக் வாங்கிய நாளில் உருவிய கார்டை எடுத்து அவள்முன் வைத்தான். "போ. போய் அடி."

"அந்த வாரமெல்லாம்?"

"எண்ணித் தர்றேன். போ வெர்லீன், உன் காலைப் புடிக்கிறேன்."

வெர்லீன் சாவிக்கொத்தைக் கல்லாமேல் வைத்தாள். கார்டை அடித்தாள். காபிக் கெண்டியை எடுத்தாள். ஜன்னலோரத்துக்கு அவள் போனதை நடை என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் கடைக்குள் வழக்கமான இரைச்சல் திரும்பிவிட்டது. மேவிஸ் அவளை இடித்துக்கொண்டு போகையில், "கழுதை" என்றாள். ஆனால் அதில் சினேகம் இருந்தது.

ஜன்னல் வழியாகத்தான் வெர்லீன் அதைப் பார்த்தாள். டெரில் போயிருக்கவில்லை. பார்க்கிங்கில் தன் காருக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். கேலன் கோட்டுப் போடாமல், கிரேவி ஏப்ரனோடு, பனிச்சகதியில் வழுக்கி வழுக்கி அவனிடம் ஓடினான். கார்க் கண்ணாடியைத் தட்டினான். குனிந்து ஏதோ சொன்னான், கடையைக் கைகாட்டினான், திரும்ப வா என்கிற மாதிரி. டெரில் கண்ணாடியை இறக்கவில்லை. அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சோம்பேறிதான், ஜாடித் திருடன்தான். ஆனாலும் தன் மாமன் எல்லார் முன்னாலும் தன்னைக் கைவிட்டதைக் காதால் கேட்டுவிட்டுப் போனவன். தூண்டிலில் அவனைப் புழுவாகக் கோத்தவள் தான்தான் என்பது வெர்லீனை உறுத்தியது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. கார் பின்வாங்கி, திரும்பி, நெடுஞ்சாலையில் ஏறியது. கேலன் அது போன திசையிலேயே நின்றான்.

உள்ளே வந்தபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வெர்லீன் கேட்காமலே ஒரு கோப்பையில் காபி ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதை எடுக்கவில்லை.

"அக்கா சாயங்காலம் போன் பண்ணுவா" என்றான். "அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"மேனேஜர்தான் அனுப்பினதுன்னு சொல்லு."

யார் கையிலும் இல்லாமல் கல்லாமேல் கிடந்த சாவிக்கொத்தைக் கேலன் பார்த்தான்.

"எந்த மேனேஜர்?" என்றான்.